பூங்காவுக்குள் வாகனம் புகலாமா? மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

நுதலிய பொருள்: ‘பூங்காவுக்குள் வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்னும் பலகை வாசகத்துக்கு உரை காண்பது. இதில் ‘வாகனம்’ எது?

முன்னோர் கூற்று: 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் எச்.எல்.ஏ. ஹார்ட் இந்த விதியைக் கையில் எடுத்தார். கார் கூடாது, சரி, சைக்கிள்? ரோலர் ஸ்கேட்? பிள்ளைகளின் பொம்மைக் கார்? அதே ஆண்டு ஹார்வர்டின் லான் ஃபுல்லர், ராணுவ லாரி ஒன்றைப் போர் நினைவாகப் பீடத்தில் ஏற்றிப் பூங்காவில் நிறுத்தினால் அதுவும் குற்றமா என்று மடக்கினார். இருவரும் ஒருமுறை செங்கல்பட்டு மாவட்டத்துப் பக்கம் வந்திருந்தால் இவ்வளவு மை செலவாகியிருக்காது.

களம்: தொல்லியல் துறையின் வேலிக்குள், 7ஆம் நூற்றாண்டு முதல் ஐந்து ரதங்கள் மணலில் நிற்கின்றன. கறாராக எண்ணினால் கணக்கு கூடும். திரௌபதி ரதத்தின் முன்னே துர்க்கையின் சிங்கம். அர்ச்சுனன் ரதத்தின் பின்னே சிவனின் காளை. சகாதேவன் ரதத்தின் பக்கத்தில் இந்திரனின் யானை. ஆக, வாகனம் எட்டு. பார்க்கிங் கட்டணம் கட்டியதாகக் கல்வெட்டு எதுவும் இல்லை.

கள ஆய்வு: வாசலில் காவலாளி, “சார், காரை அந்தாண்ட விடுங்க” என்றார். “உள்ள அஞ்சு தேர் நிக்குதே?” என்றேன். “அது ஓடாது சார்.” ஓடாதது உள்ளே, ஓடுவது வெளியே என்னும் சூத்திரம் இவ்வாறு பெறப்பட்டது.

துணைச் சான்று: அதே மாமல்லபுரத்தின் வெண்ணெய் உருண்டைக் கல். சுமார் 250 டன். உருண்டையான வடிவம், நிற்பதோ சரிவில். உருள வேறென்ன வேண்டும்? ஆயினும் 1908-இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்பார்கள்.

தடை: அற்றேல், என் காரும் ஓடாதே? பேட்டரி இறங்கி வாசலிலேயே நின்றுவிட்டது. சூத்திரப்படி உள்ளே விட வேண்டும் என்று வாதிட்டேன்.

விடை: காவலாளி பதில் பேசவில்லை. இளநீர்க் கடைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் பின்னால் கைவைத்துத் தள்ள, இரண்டாம் கியரில் விட்டதும் பத்தடியில் உறுமிக் கிளம்பியது.

முடிபு: இரண்டு பேர் தள்ளினால் ஓடுவது வாகனம், ஏழு யானை இழுத்தும் ஓடாதது பூங்கா. மறுப்போர் யானையோடு வருக. யானையை மட்டும் வெளியே நிறுத்துக.