பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல்

நீலகிரி மலையில் குழி தோண்டியவர்களைப் பற்றி இதுவரை முறையான வகைப்பாடு எதுவும் செய்யப்படவில்லை. அதற்கான தேவையும் சென்ற மாதம் வரை எழவில்லை. சென்ற மாதம் எழுந்தது. அத்தேவை நான்கடி நீளமும் மூன்றடி அகலமும் முழங்கால் ஆழமும் உடையது. குன்னூரை அடுத்த ஒரு சரிவில், நன்றாகக் கொழுந்து விட்டுக்கொண்டிருந்த நான்கு தேயிலைச் செடிகள் நின்ற இடத்தில், மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. அச்சரிவில் என்ன கிடைத்தது என்பது இக்கட்டுரையில் உரிய இடத்தில் கூறப்படும். அதற்கு முன், தோண்டுதலின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் கண்டாக வேண்டும்.

இம்மலையில் தோண்டியதை எழுதி வைத்தவர்களுள் முற்பட்ட ஒருவர் கேப்டன் காங்கிரீவ் எனலாம். கற்குவைகளை, அதாவது இறந்தோரின் எரிந்த எலும்பையும் உடைமைகளையும் உள்ளே வைத்து மேலே கல்லடுக்கி வட்டமாக எழுப்பிய பழைய ஈமச் சின்னங்களை, அவர் திறந்து பார்த்து, 1847இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் தோடர்களைச் சித்தியர் என்னும் நடு ஆசியக் குதிரை வீரர்களின் வழித்தோன்றல்களாக்கினார். தோடர் வளர்ப்பது எருமை என்பது அவருக்குப் பெரிய தடையாகத் தோன்றவில்லை. அவருக்குப்பின் வந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இம்மாவட்டத்தின் முதல் ஆணையர். கற்குவைகளைப் பற்றியும் மலையின் பழங்குடிகளைப் பற்றியும் அவர் எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1873இல் வெளிவந்தது. வெண்கலக் கிண்ணங்களும், மூடியில் எருமையும் பிற விலங்குகளும் நிற்கும் மட்பாண்டங்களும் இத்தகைய குழிகளிலிருந்தே வெளிவந்து, இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. இவர்கள் கையில் மண்வெட்டி பிடித்தார்கள் என்று கொள்வதற்கில்லை. மண்வெட்டி வேறு ஆட்களின் கையிலும் குறிப்பேடு இவர்கள் கையிலும் இருந்திருக்கும்; அந்தப் பிரிவினை சென்ற மாதம் வரை மாறவில்லை என்பது பின்னர் விளங்கும்.

அடுத்த வகையினர் தங்கத்துக்காகத் தோண்டியவர்கள். தேவாலா, பந்தலூர் ஆகிய ஊர்கள் இன்று மழைக்கும் யானைக்கும் பேர்போனவை என்றாலும், 1880ஐ ஒட்டி லண்டன் பங்குச் சந்தையில் அடிபட்ட பெயர்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் அனுபவம் பெற்ற ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்னும் சுரங்க வல்லுநரை அரசு வரவழைக்க, அவர் நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைத் தர, அதைப் படித்தவர்களும் படிக்காதவர்களும் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிப் பணத்தைக் கொட்டினர். சில ஆண்டுகளில் கம்பெனிகள் படுத்துவிட்டன. வெளிவந்த தங்கத்தைவிட உள்ளே போன பவுன் பல மடங்கு என்பதே அந்த முயற்சியின் ஐந்தொகை. அரசறிக்கையும் பொறியாளரும் இயந்திரமும் முதலீடும் சேர்ந்து காண முடியாததை, இணையத்தில் தள்ளுபடி விலைக்கு வாங்கிய கருவியைக் கொண்டு ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலும் முயன்று கண்டுவிடலாம் என்று நம்புவோரே மூன்றாம் வகையினர். அவர்கள் பெரும்பாலும் உறவினர்கள்.

உலோகங்காட்டி என்னும் அக்கருவியைப் பற்றிச் சில சொற்கள். கைத்தடி போன்ற தண்டின் அடியில் தட்டு வடிவில் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் ஓடும் மாறுமின்னோட்டம் சுற்றிலும் காந்தப் புலத்தை எழுப்ப, அப்புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம், அதாவது நீர்ச்சுழி போலத் தனக்குள்ளேயே சுற்றும் மின்னோட்டம், தோன்றிப் புலத்தைக் குலைக்கும். குலைவதைக் கருவி கூவித் தெரிவிக்கும். இந்த உத்தியை உயிர் காக்க முதலில் பயன்படுத்தியவர் தொலைபேசியால் அறியப்படும் அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1881 ஜூலையில் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று அவர் தேடியபோது, கருவி எங்கு வைத்தாலும் ஏதோ சொல்லிற்று. நோயாளியின் மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்கள் இருந்ததும் ஒரு காரணம். செப்டம்பரில் தலைவர் இறந்தார். உலோகங்காட்டியின் வரலாறு ஒரு கட்டிலைப் புதையலாகக் காட்டியதில் தொடங்குகிறது என்பதை அதன் விற்பனைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை. நீலகிரியின் செம்மண்ணோ இரும்புச் சத்து மிக்கது. இம்மண்ணில் கருவி உலோகத்தைக் கண்டாலும் கூவும், காணாவிட்டாலும் கூவும், சும்மா இருக்கவும் கூவும்.

இனி, மேற்படி சரிவுக்கும் இக்கட்டுரையாசிரியரின் குடும்பத்துக்கும் உள்ள தொடர்பு. அவருடைய தாத்தா, துரை ஒருவரின் பங்களாவில் பட்லர், அதாவது சமையற்கட்டையும் சாப்பாட்டு மேசையையும் மேற்பார்வை செய்தவர். தோட்டம் கைமாறித் துண்டுபட்டபோது முக்கால் ஏக்கர் அவர் கைக்கு வந்தது. துரை கப்பலேறும் முன் தாத்தாவிடம், "எல்லாத்தையும் சில்வருக்கு அடியில விட்டிருக்கேன், பார்த்துக்க" என்று சொல்லிச் சென்றதாகக் குடும்பத்தில் ஒரு வழக்கு உண்டு. இதற்கு மூன்று பாடபேதங்கள் உள்ளன. பாடபேதம் என்பது ஒரே மூலம் ஏட்டுக்கு ஏடு மாறிக் கிடைப்பது. பெரியப்பா பாடத்தின்படி சில்வர் என்பது வெள்ளித் தட்டும் கரண்டியும். அத்தை பாடத்தின்படி அது சில்வர் ஓக் மரம், தேயிலைக்கு நிழல் தர நடப்படும் ஆஸ்திரேலிய மரம். அப்படியானால் தேட வேண்டிய மரங்கள் முப்பத்தொன்று. அம்மா பாடம் தனித்தது. சில்வர் துரையின் நாய் என்றும், செத்ததும் பங்களாவுக்குப் பின்னால் புதைத்தார்கள் என்றும், அதற்கு அடியில் எதையும் வைக்க எந்தப் பைத்தியக்காரனும் துணியமாட்டான் என்றும் அவர் கூறுவார். மூன்றாவது பாடமே பழமையானது என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. ஆயினும், பெரியப்பாவின் மகன் கருவியோடு வந்து இறங்கிய சனிக்கிழமையன்று, "அண்ணா, மேற்கு ஓரத்து மரத்திலிருந்து ஆரம்பிக்கலாமே" என்று சொன்னவரும், இருட்டியபின் குழிக்குள் டார்ச் அடித்தவரும் அவ்வாசிரியரே என்பதை மறைப்பதற்கில்லை.

முதல் நாளில் கிடைத்தவை: அலுமினிய மூடிகள் பதினேழு. மது பாட்டிலின் திருகு மூடிகள். கண்ணாடியைக் கருவி அறியாது. மூடியை மட்டும் அறியும். மூடிகளோடு, மூடியிட்ட நிலையிலேயே மண்ணுக்குள் மறைத்து வைக்கப்பட்ட காலிப் பாட்டில்கள் இரண்டும் வெளிவந்தன. இந்த இரண்டு பாட்டில்களே சட்டச் சிக்கலுக்கு வித்து.

இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டுக்குரியது. மண்ணிலோ மண்ணோடு பிணைந்த எதிலோ மறைந்து கிடக்கும், மதிப்புள்ள எப்பொருளும் புதையல் என்பது அதன் வரையறை. பொன் வேண்டும், மணி வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்தப் பத்து ரூபாய் 1878இல் ஒரு தோட்டத் தொழிலாளிக்குப் பெருந்தொகை. இனி வேறொரு பத்து ரூபாய்: 2022 மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கப்பட்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பத் தரப்படுகிறது. ஆக, இம்மாவட்டத்தில் ஒரு காலிப் பாட்டிலின் மதிப்பு சரியாகப் பத்து ரூபாய். சட்டம் கூறுவது பத்துக்கு மேல். எனவே ஒரு பாட்டிலைத் தோண்டி எடுத்தவர் சுதந்திரப் பறவை. இரண்டாவது பாட்டிலைத் தொட்ட கணமே அவர் புதையல் கண்டவர்.

அதன்பின் நடக்க வேண்டியவை பின்வருமாறு. புதையலின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவற்றை ஆட்சியருக்கு எழுத வேண்டும். புதையலை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும்; இல்லையேல் அதற்குப் பிணை தர வேண்டும். கருவூலத்தில் இரண்டு காலிப் பாட்டில்களை வாங்கிக்கொண்டு ரசீது எழுதும் அலுவலரின் முகத்தை ஒருவாறு ஊகிக்கலாம். ஆட்சியர் விசாரித்து, உரிமை கோருவோர் நேரில் வர அறிவிக்கை வெளியிடுவார். குறிக்கும் நாள் அறிவிக்கையிலிருந்து நான்கு மாதத்துக்கு முன்னதாகவும் ஆறு மாதத்துக்குப் பின்னதாகவும் இருக்கக் கூடாது. புதைத்தவர் நூறு ஆண்டுக்கு உட்பட்ட காலத்தில் புதைத்திருந்தால் தமது உரிமையை நிறுவலாம். இவ்விடத்தில் புதைத்தவர் யார் என்பதைச் சரிவின் கீழ்வீட்டார் அனைவரும் அறிவர். அவர் மனைவி மட்டும் அறியார், அறியக் கூடாது என்பதற்காகவே புதைக்கப்பட்டது. உதகையில், ஆட்சியர் முன்னிலையில், மனைவி பார்த்திருக்க, "அது என் பாட்டில்தான்" என்று உரிமை கோரி இருபது ரூபாய் பெறும் மனவலிமை அவருக்கு உண்டா என்பது சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. உரிமை கோர எவரும் வராவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்கு உரியவருக்குக் கால் பங்கும் சேரும்: பதினைந்து ரூபாய், ஐந்து ரூபாய். அரசே அப்புதையலைக் கையகப்படுத்த விரும்பினால், பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தரும்; அப்போது இருபத்து நான்கு ரூபாய், பங்கு பதினெட்டும் ஆறும். ஆறு ரூபாயை வாங்க உதகைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.

பதினேழு மூடிகளின் நிலை இன்னும் நுட்பமானது. அவை பதினேழு தனித்தனிப் புதையல்களா, ஒரே புதையலின் பதினேழு உறுப்புகளா? தனித்தனி எனில் எதுவும் பத்து ரூபாயைத் தொடாது. ஒன்றே எனில், பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தாலொழியச் சொல்ல முடியாது, நிறுக்கக் கொண்டுபோவதே புதையலைக் கருவூலத்தில் ஒப்படைக்காத குற்றமாகக் கருதப்படலாம். அறிவிக்கத் தவறியவருக்கு ஓராண்டு வரை சிறை. அதற்கு உடந்தையான நிலவுரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை. அண்ணனுக்கு இரண்டு வேளைச் சோறும் ஐந்து முறை தேநீரும் கொடுத்தது உடந்தையாகுமா, டார்ச் அடித்தது தனிக்குற்றமா, டார்ச்சின் மின்கலமும் உலோகமாதலால் அதற்கும் கருவி கூவியது சாட்சியமாகுமா என்பனவெல்லாம் வழக்கறிஞர்கள் ஆராயத்தக்கவை.

இவ்வளவுக்கும் அந்த நிலத்தில் துரையின் காலத்துக்குரிய பொருள் ஒன்று ஐயமின்றி உண்டு. சாப்பாட்டு மேசையில் தாத்தாவைக் கூப்பிடத் துரை அடித்த பித்தளைக் கைமணி, கைப்பிடி உடைந்த பின்னர் வீட்டுக்கு வந்து, இரண்டு தலைமுறையாக மாட்டின் கழுத்தில் தொங்குகிறது. பசு அருகே மேய வந்தபோதெல்லாம் கருவி வேறெப்போதும் இல்லாத தெளிவோடு பாடியது. "தம்பி, இந்த மாட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கட்டுடா, டிஸ்டர்ப் பண்ணுது" என்றார் பெரியப்பா மகன். மாடு கட்டப்பட்டது. அதன் பின்னரே அந்தக் குழி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அவர், முடித்தவர் மண்வெட்டி பிடித்தவர், அதாவது தம்பி.

பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு ₹33.50 கேட்டு 2023இல் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்த மாவட்டம் இது. ஒரு செடியை நட்டு, முதல் கொழுந்து கிள்ளச் சில ஆண்டுகள் காத்து, கவாத்து வெட்டி, உரமிட்டு வளர்ப்பதற்கு ஆகும் உழைப்பைப் பெரியப்பா மகன் அறியாதவர் அல்லர். அவரும் இந்தச் சரிவில்தான் அரைக்கால் சட்டையோடு ஓடித் திரிந்தார். அறிந்தும் நான்கு செடிகளைப் பெயர்த்து வரப்பில் எறிந்தார் என்பதே இக்கட்டுரையாசிரியரைத் தூங்கவிடாமல் செய்கிறது. இரண்டு செடிகளை மறுபடி நட்டுப் பார்த்தாயிற்று, பிடிக்கவில்லை.

மழை இன்னும் விடவில்லை, குழி தளும்புகிறது. மாலையில் பசு கொட்டகைக்கு வரும் வழி அதன் ஓரமாகத்தான் போகிறது; மணியின் ஓசை நின்றால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருக்கிறது. கருவியின் உரிமையாளர் இதைப் படிக்க நேர்ந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வந்து குழியை மூடிவிட்டுப் போகவும். மண்வெட்டி போட்ட இடத்திலேயே கிடக்கிறது. கருவி வேண்டாம்.