மலிவு விலைச் சிந்தசைசரும் நால்வகை இன்மையும்

உலகிலுள்ள பொருள்களை எண்ணப் புகுந்த தருக்க நூலார் ஏழு என்று கணக்கை முடித்தார்கள். ஏழாவது, இன்மை. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் வடமொழியில் செய்த தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியபோது அந்த ஏழாவதும் தவறாமல் கூட வந்தது. இல்லாத ஒன்றை எப்படிப் பொருள் என்று எண்ணுவது என்ற ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. விலை குறைந்த அனலாக் சிந்தசைசர் ஒன்றின் அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்று அது தீர்ந்தது. பெட்டிக்குள் அடாப்டர் இல்லை. ஆனால் அடாப்டரைச் செருகுவதற்கான துளை இருந்தது. இன்மையை விரலால் தடவிப் பார்த்தது எனக்கு அதுவே முதல் தடவை.

இந்த ஆய்வின் துணிபு ஒன்றே. காசுள்ளவர் ஒரு சிந்தசைசரில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குகிறார். காசில்லாதவர் என்னென்ன இல்லை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்மையோ நான்கு வகை: முன்னின்மை, அழிவுபாட்டின்மை, முழுதும் இன்மை, ஒன்றில் ஒன்று இன்மை. மலிவுக் கருவி எதுவாயினும் இவற்றுள் ஒன்றிலாவது சிக்கும். பெரும்பாலும் இரண்டில் சிக்கும். என்னிடம் இருப்பது எந்தக் கம்பெனியின் கருவி என்பது ஆய்வின் நடுநிலை கருதி மறைக்கப்படுகிறது.

அனலாக் என்பது யாதெனின்: கணினியில் ஒலி எண்களாக இருக்கும், அனலாகில் அது மின்னழுத்தமாகப் பிறந்து மின்னழுத்தமாகவே வெளியேறும். ஆஸிலேட்டர் அழுத்தத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்குகிறது. ஃபில்டர் அதன் கூர்மையைச் சீவுகிறது. எழுவது எவ்வளவு வேகம், அடங்குவது எவ்வளவு நேரம் என்பதை என்வலப் பார்த்துக்கொள்கிறது. வோல்ட்டைக் கொண்டே இவற்றை ஆளும் கருவியை ராபர்ட் மூக் 1964இல் செய்து காட்டினார். 1970இல் மினிமூக் வந்தது. விலை சுமார் 1,500 டாலர். அந்த விலைக்கும் ஒரு சமயத்தில் ஒரே ஸ்வரம்தான் பேசும். எனவே இன்மை ஏழைகளுக்கென்று பிற்காலத்தில் புகுத்தப்பட்டதன்று, பணக்காரக் கருவியிலேயே உடன்பிறந்தது என்பது போதரும்.

1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 எண்களால் ஒலி செய்துகொண்டு வந்தது. எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். அனலாக் பெட்டிகள் பழைய சாமானாயின. கைக்கெட்டும் விலையில் அவை திரும்பியது 2010இல், கோர்க் கம்பெனியின் மோனோட்ரான் உருவில். உள்ளங்கையகலம், ஐந்து குமிழ், இரண்டு சின்ன பென்சில் செல். கட்டைகள் கிடையா, விரலால் தேய்க்க ஒரு பட்டை மட்டும் உண்டு. அதில் கமகம் தானாக வரும், ஸ்வரம்தான் வராது. அப்புறம் வரிசையாக வந்தன: 2013இல் வோல்கா, எம்எஸ்-20 மினி, ஆர்ட்டூரியாவின் மைக்ரோபுரூட், 2016இல் மினிலோக், 2018இல் பெரிங்கரின் மாடல் டி. நூற்றைம்பதிலிருந்து ஐந்நூறு அறுநூறு டாலருக்குள் இத்தனை இருந்தால் தேர்வு கடினம். ஆகவே ஒரு நூற்பா யாத்தேன்:

குரலும் கட்டையும் நினைவும் மின்னும்
ஒருங்குடன் அமையா; ஒன்றிலது தேர்க.

இதற்கு நானே உரையும் எழுத வேண்டியிருக்கிறது. குரல் என்றது ஒரே சமயத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை. ஏழிசையுள் முதலதாகிய குரல் அன்று. கட்டை என்றது விரல் வைக்கும் கட்டை. பாடகரின் ஐந்தரைக் கட்டை அன்று. நினைவு என்றது அமைத்த ஒலியைச் சேமிக்கும் திறன். மின் என்றது மின்சாரம். ‘மின்னும்’ என்ற உம்மை எச்சப்பொருளும் தருதலின், பெட்டியில் வாராத அடாப்டரும் அதன் முனையில் பிளஸ் உள்ளேயா வெளியேயா என்னும் கவலையும் தழுவப்பட்டன. இக்கவலை சிறிதன்று. கிட்டார் பெடலுக்கான 9 வோல்ட் அடாப்டரில் பெரும்பாலும் மைனஸ் நடுவில் இருக்கும். சின்னச் சிந்தசைசர்கள் பலவற்றுக்கு பிளஸ் நடுவில் வேண்டும். இரண்டு அடாப்டரும் ஒரே துளையில் சுகமாக நுழையும். நுழைந்தபின் நடப்பது வேறு வகை இன்மை.

அழிவுபாட்டின்மையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முறைப்படி இது இரண்டாவது. ஆனால் பட்டது இதில்தான். பானை உடைந்தபின் பானை இல்லாமல் போவது அழிவுபாட்டின்மை. இதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்பது நூல் வழக்கு. எம்எஸ்-20 மினி, மைக்ரோபுரூட், மாடல் டி ஆகிய மூன்றிலும் செய்த ஒலியைச் சேமித்து வைக்க இடமில்லை. குமிழ்கள் எங்கே நிற்கின்றனவோ, அந்நிலையே ஒலி. என்னுடையதும் அந்தக் குலம்.

ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு ஹெட்போனில் ஒன்று அகப்பட்டது. ஊர்வலத்து நாகஸ்வரம் அடுத்த தெருவில் திரும்பும்போது காற்று அதில் பாதியைக் கொண்டுபோய்விடும். மீதிப் பாதி நம் வாசலில் நிற்கும். அந்த மீதிப் பாதி. ஃபில்டரின் கட்-ஆஃப் குமிழின் வெள்ளைக் கோடு, கடிகாரமாக இருந்தால் மணி பத்தைத் தாண்டி ஒரு மயிரிழை. ரெஸொனன்ஸ் இரண்டுக்குச் சற்று முன்னே. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு படுத்தேன். காலை ஏழு மணிக்கு என் தங்கை மகள் அத்தனை குமிழையும் வலது கோடிவரை திருப்பி முடித்திருந்தாள். “மாமா, எல்லாத்தையும் ஃபுல்லா வச்சுட்டேன்” என்றாள், உபகாரம் செய்தவளின் குரலில். படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒரு ஒலி வந்தது. அந்த ஒலி வரவில்லை. மயிரிழை படத்தில் விழவில்லை.

முன்னோர் இதற்குத் தாள் வைத்திருந்தார்கள். கருவியின் முகப்பை அப்படியே அச்சடித்து, வட்டம் வட்டமாகக் குமிழ்கள் வரைந்து, முள் நிற்கும் இடத்தைப் பேனாவால் கோடிழுத்து வைப்பது வழக்கம். பேனா முனையும் மயிரிழையை விடப் பருமன்தான். 1978இல் டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட்-5, நுண்செயலி ஒன்றை வைத்துக் குமிழ்களின் நிலையைத் தானே நினைவில் கொண்டது. அது மாளிகைக் கருவி. நம் விலைக்கு இறங்கி வந்தது மினிலோக்: நான்கு குரல், 37 கட்டை, 200 ஒலிக்கு நினைவு, சுமார் 500 டாலர். கட்டைகளை மட்டும் ஒல்லியாக்கிவிட்டார்கள். நூற்பா பொய்க்கவில்லை.

அப்படியானால் நினைவுள்ளதையே வாங்குவது அறிவுடைமை அன்றோ எனின், அற்றன்று. நினைவுள்ள கருவி கம்பெனி வைத்த ஆயத்த ஒலிகளோடு வரும். என் நண்பர் ஒருவர் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டே மூன்று மாதம் கழித்தார்; குமிழ்களைத் துடைக்க மட்டும் தொட்டார். நினைவில்லாக் கருவி ஆன் செய்ததும் ஏதாவது உளறும். அது ஏன் உளறுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. முதல் கருவி வாங்குபவருக்கு நினைவின்மையையே நான் பரிந்துரைக்கிறேன், தங்கை மகளுக்கு எட்டாத உயரத்தில்.

முன்னின்மை எளிது. குயவன் பானை வனையுமுன் பானை இல்லாதிருப்பது. இதற்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு. வாங்கிய அன்று முடியும். ஒப்பீட்டு வீடியோ பார்ப்பவர்களிடம் முடிவும் இல்லை. அவர்கள் நூல்வழக்குக்கு விதிவிலக்கு.

முழுதும் இன்மை முக்காலத்திலும் இல்லாதது, காற்றில் நிறம் இல்லாததுபோல. ஒற்றைக் குரல் கருவியில் மூன்று கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். எது ஒலிக்கும் என்பதில் மதபேதம் உண்டு: சில கருவிகள் கடைசியாக அழுத்தியதை எடுக்கும், சில உச்சத்தில் இருப்பதை, பழைய மினிமூக் எல்லாவற்றிலும் தாழ்ந்ததை எடுத்தது. வாங்குமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர் வேகமாக வாசிக்கும்போது ஸ்வரங்கள் காணாமல் போவதைத் தன் விரலின் குற்றமென்று நொந்துகொள்வார். வோல்கா கீஸில் மூன்று குரல் உண்டு. ஆனால் மூன்றுக்கும் ஃபில்டர் ஒன்றே. மூன்று குடித்தனத்துக்கு ஒரு குளியலறை. ஒருவர் உள்ளே போனால் மற்ற இருவர் பாடும் குழம்பும்.

ஐந்தாவதாக நிலையின்மை என்று ஒன்று வேண்டும் என்பாரும் உளர். அனலாக் கருவி சுருதியில் நில்லாது என்பது அவர் வாதம். இது பாதி மெய். வோல்ட்டைச் சுருதியாக மாற்றும் வேலையைச் செய்வது ஒரு ட்ரான்சிஸ்டர். அறைச் சூட்டில், எதுவும் ஈடுசெய்யாவிட்டால், அதன் அளவுகோல் டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம் நகரும். அளவு வைத்த ஸ்வரத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால் 36 அரைஸ்வர தூரம். அதில் டிகிரிக்கு 0.12 அரைஸ்வரம் பிசகும். மத்தியானம் கரண்ட் போய் மின்விசிறி நின்று அறை மூன்று டிகிரி ஏறினால் அரைஸ்வரத்தில் மூன்றிலொரு பங்கு போச்சு. (கரண்ட் போனபின் கருவி எப்படி ஓடும் என்று கேட்பவருக்கு: செல்லில் ஓடும்.) சூட்டுக்கேற்பத் தானும் மாறும் ரெசிஸ்டரை வைத்தோ, தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் சில்லை வைத்தோ இக்காலத்தில் இதைச் சமாளிக்கிறார்கள். ஆன் செய்து கால் மணி நேரம் சூடேற விட்டாலே பெரும்பகுதி சரியாகும். கச்சேரி நடுவே தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்வரை காத்திருக்கும் சபை இதற்கும் காத்திருக்கட்டும். எனவே நிலையின்மை குணமே. தனி இன்மை அன்று.

ஒன்றில் ஒன்று இன்மை: குடம் துணி அன்று, துணி குடம் அன்று. மலிவுச் சந்தையின் பெரிய சண்டைகளெல்லாம் இதில்தான். சின்ன எடுத்துக்காட்டு முதலில். பெரும்பாலான கருவிகளில் ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏறும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எம்எஸ்-20இல் அழுத்தம் இரட்டித்தால்தான் ஸ்தாயி ஏறும்: ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு. ஒன்று கூட்டல் வாய்பாடு, மற்றது பெருக்கல் வாய்பாடு. ஒயரால் இரண்டையும் இணைத்தால் இரண்டாவது ஸ்தாயி வரைக்கும் ஏமாறாமல் இருக்கலாம்.

பெரிய எடுத்துக்காட்டு டிபி-303. துணைக்கு பேஸ் வாசிக்க ஆளில்லாத கிட்டார்காரருக்காக ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் இதை விற்றது. வடிவமைத்தவர் ததாவோ கிகுமோட்டோ. ஆளின் இன்மையை நிரப்ப வந்த கருவி பேஸ் கிட்டார் போலவே ஒலிக்கவில்லை. 1984இல் நிறுத்திவிட்டார்கள். அதற்குமுன் 1982இல், இந்தித் திரையிசையில் வாசித்துவந்த பம்பாயின் சரண்ஜித் சிங், 303ஐயும் டிஆர்-808 தாளப்பெட்டியையும் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். ராகத்துக்கு ஒற்றைக் குரல் போதும். 303இலும் ஒரே குரல்தான். குறை என்று ஒருவர் தள்ளியது இன்னொருவருக்குக் குறையாகவே படவில்லை. தட்டு அப்போது பெரிதாக விற்கவில்லை. 1987இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு, யாரும் சீந்தாத 303இன் கட்-ஆஃபையும் ரெஸொனன்ஸையும் வாசிக்கும்போதே திருகித் திருகி ‘ஆசிட் ட்ராக்ஸ்’ வெளியிட்டது. அன்றிலிருந்து 303 மலிவுமன்று, சீந்துவாரற்றதுமன்று. கார் விலையோடு போட்டியிடும் பழம்பொருள் ஆகிவிட்டது.

2016இல் ரோலண்ட் தானே அதைத் திரும்பக் கொண்டுவந்தது, டிபி-03 என்று, உள்ளே டிஜிட்டல். 2019இல் பெரிங்கர் அதன் நகலாக டிடி-3ஐ விற்றது. உள்ளே அனலாக், விலை பாதிக்கும் கீழே. பெற்றவர் தந்ததில் பழைய சர்க்யூட் இல்லை. பிறர் தந்ததில் பழைய பெயர் இல்லை. எது 303? தருக்க நூலார் இரண்டுமன்று என்று எழுந்துபோவார்கள். வாங்குபவரால் எழுந்துபோக முடியாது. என் தீர்ப்பு நகலின் பக்கம். காரணம் தத்துவமன்று, பர்ஸ்.

இவ்வளவும் எழுதி முடித்து, ஒரு சான்றொலியைக் கேட்டுவிடலாமென்று கருவியை ஆன் செய்தேன். உயிரில்லை. பின்பக்கத்து மூடியைக் கழற்றினால் ஆறு செல் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து.

“கூடத்துக் கடிகாரம் நின்னு போச்சுடா, அதான் ஒண்ணு எடுத்தேன். மீதி அஞ்சு இருக்கே?” என்றார் அம்மா.

ஆறும் ஒன்றன்வால் ஒன்றாகக் கோத்தவை, ஒன்றை உருவினால் ஒன்பது வோல்ட்டில் ஒன்றரை போய் ஏழரை மிஞ்சும் என்று நினைக்கக் கூடாது, வட்டமே அறுந்துவிடும், ஏழரையும் வராது என்று விளக்கினேன்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஏழரை கீழரைன்னு சொல்லாதே” என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபது. தெருமுனைக் கடை ஒன்பதரைக்குச் சாத்திவிடும்.