பூஜ்யம் எத்தனை?

லேசரின் தயவில் கண்ணாடியைத் துறந்த ஐம்பது வயதுக்காரருக்கு மட்டாஞ்சேரி ஜூ டவுன் நல்ல பரீட்சைக்கூடம். 1760இல் எழுந்த மணிக்கூண்டின் எபிரேய எண்கள் எட்ட நின்றே பளிச்சென்று தெரியும். (புரியாவிட்டால் அது கண்ணின் குற்றமல்ல.) பழம்பொருள் கடைக்குள் நுழைந்தால் விலைச்சீட்டு மங்கும். லேசர் செதுக்குவது சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள கருவிழியை. நாற்பதுக்கு மேல் இறுகுவதோ உள்ளே இருக்கும் லென்ஸ். எக்ஸைமர் லேசரால் திசுவைக் கருக்காமல் சீவலாம் என்று 1981இல் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன். சோதனைக்கு உட்பட்டது விருந்தில் மிஞ்சிய வான்கோழி. அதற்கு விலைச்சீட்டு படிக்கும் வேலை இல்லை. கடைக்காரருக்கும் குறையில்லை: பூஜ்யங்களை எண்ண முடியாதவர் பேரத்தையும் தயங்கித்தான் தொடங்குகிறார்.