தோளில்தானே பட்டிருக்கு!

(கதைகளில் அடிதடி, வெட்டுக்குத்து எழுதும் அன்பர்களுக்கான சிறப்புக் கேள்வி - பதில்)

என் தொடர்கதையில் ஒன்பதாம் அத்தியாயத்தில் நாயகனுக்குத் தோளில் குண்டு பாய்கிறது. பத்தாம் அத்தியாயத்தில் அதே கையால் ஆறு பேரைத் துவைக்கிறான். படித்துவிட்டு என் மனைவி சிரிக்கிறாள். தவறு யார் மேல்?
- தொடர்கதை எழுதுபவர், திருச்சி

முதலில் உங்கள் மனைவியை நிரந்தர வாசகியாக நியமித்துவிடுங்கள், சம்பளம் கொடுத்தாவது.

தோள் என்பது குண்டு வாங்குவதற்கென்றே ஆண்டவன் ஒதுக்கிய இடம் என்று நம் சினிமா நம்மை நம்பவைத்திருக்கிறது. காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதை ஒட்டியே, கையை அசைக்கிற நரம்புகள் கழுத்திலிருந்து பின்னலாக இறங்குகின்றன. குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் ஆளே இருக்கமாட்டான். கையில் அடிபட்டால் மேலே இறுக்கிக் கட்டலாம். தோளில் பட்டால் எங்கே கட்டுவது? அதற்கு மேலே கழுத்துதான் இருக்கிறது. நரம்புப் பின்னல் அறுந்தால் ஆள் பிழைப்பான், கை தொங்கும்.

ஷெர்லக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1880இல் ஆப்கானிஸ்தானில் நடந்த மைவாந்த் சண்டையில் அவருக்குக் குண்டு பட்டதும் தோளில்தான். எலும்பு நொறுங்குகிறது, நான் சொன்ன அதே ரத்தக்குழாயைக் குண்டு உரசிக்கொண்டு போகிறது. உதவியாள் குதிரை மேல் தூக்கிப் போட்டு மீட்கிறான். தேறிவரும்போது டைபாய்டு காய்ச்சல் வந்து மறுபடி படுக்கை. மெலிந்து, ராணுவத்துக்கு லாயக்கில்லாமல் லண்டனுக்கு வந்து, செலவைக் குறைக்க அறைத்தோழன் தேடுகிறார். கிடைத்தவர் ஹோம்ஸ். தோளில் பட்ட குண்டு ஒரு மனிதனின் தொழிலையும் விலாசத்தையுமே மாற்றிவிட்டது. எழுதிய கானன் டாயில் டாக்டர், அதனால் காயத்தின் கூலியைச் சரியாக வசூலித்தார். (அதே டாயில், 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காயத்தைக் காலுக்கு மாற்றிவிட்டார். டாக்டர்களுக்கும் ஞாபகமறதி உண்டு.)

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு பாய்ந்தது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. அதற்குப் பின் வந்த படங்களில் அந்த மாறிய குரலைத்தான் கேட்டோம். பிழைத்தவரிடம் காயம் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் போகும். உங்கள் நாயகனை ஆறு பேரை அடிக்க விடாதீர்கள். இடது கையால் சட்டைப் பித்தான் போட விடுங்கள், அந்தச் சண்டையே அவனுக்குப் போதும்.

நாயகி பின்னாலிருந்து பூச்சாடியால் ஓர் அடி. காவலாளி இரண்டு மணி நேரம் மயக்கம். அவள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனபின் தலையைத் தடவிக்கொண்டு எழுகிறான். எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும்?
- வங்கி ஊழியர், சேலம்

வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள். ஜாக்கிரதையாகவே பதில் சொல்கிறேன்.

தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர் பெரும்பாலும் சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விழித்துக்கொள்வார். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் டாக்டர்கள் அதை லேசான காயத்தின் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இரண்டு மணி நேரம் என்றால் உங்கள் காவலாளி கண் திறப்பது ஐ.சி.யூ.வில், திறந்தால். விழித்தவனும் துப்பாக்கியைத் தேடி ஓடமாட்டான். வாந்தி எடுப்பான். "இங்க எப்படி வந்தேன்?" என்று கேட்பான், பதில் சொன்ன மறுநிமிடம் அதையே கேட்பான். வெளிச்சம் கூசும், வாரக்கணக்கில் தலைவலிக்கும்.

மயக்கத்தை அளக்க 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் ஓர் அளவுகோல் உண்டாக்கினார்கள். கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, கைகால் அசைகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவது. முழு மார்க் 15. மிகக் குறைந்தது 3, பூஜ்யம் கிடையாது. பூச்சாடிக்கே அந்த 3 கிடைத்துவிடும்.

இதைவிட நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது, உங்கள் கதைக்கு இலவசமாகத் தருகிறேன். சில தலைக்காயங்களில் ஆள் அடிபட்டதும் எழுந்து, தெளிவாகப் பேசி, "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கிக்கொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்துச் சரிந்துவிடுவார். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். எழுந்து பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். இரண்டு நாளில் இறந்துபோனார். உங்கள் காவலாளி எழுந்து, நாயகியை மன்னித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கட்டும். காலையில் நாயகி கொலைகாரி. பத்திரத்தைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள்.

கத்திக்குத்துப் பட்ட அப்பா, மகனிடம் குடும்ப ரகசியத்தைச் சொல்லிவிட்டுச் சாகவேண்டும். ரகசியம் இரண்டரைப் பக்கம். எங்கே குத்தலாம்?
- குடும்ப நாவலாசிரியை, கோவில்பட்டி

வயிற்றில்.

கழுத்தில் குத்தினால் குரலே வராது. நெஞ்சில் குத்தினால் நுரையீரல் சுருங்கும், மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்க வேண்டும். அந்த நடையில் உங்கள் இரண்டரைப் பக்கம் பத்துப் பக்கமாகும், பத்திரிகை ஒப்பாது. வயிற்றில் பெரிய ரத்தக்குழாய்கள் தப்பி, குடல் மட்டும் கிழிந்தால் மணிக்கணக்கில் பேசலாம். ஆஸ்பத்திரி இல்லாத காலத்துக் கதை என்றால் நாள்கணக்கில்கூட. ஆனால் காய்ச்சல் ஏறும், வயிறு இறுகிப்போகும், அசைந்தாலே உயிர் போகிற வலி. ரகசியத்துக்கு நடுவே நாலு தரம் தண்ணீர் கேட்பார். அந்தத் தண்ணீரையும் எழுதுங்கள்.

இன்னொன்று, மகன் பாசத்தில் கத்தியை உருவிவிடக் கூடாது. உள்ளே நிற்கும் கத்திதான் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். உருவினால் ரகசியம் முதல் பாராவிலேயே முடிந்துவிடும்.

'ரத்த வெள்ளத்தில் மிதந்தான்' என்று எழுதலாமா?
- செய்தியாளர், மதுரை

உங்கள் தொழிலில் அது பரம்பரைச் சொத்து, எழுதிக்கொள்ளுங்கள். கதாசிரியர்கள் மட்டும் கேட்கவும். வளர்ந்த மனிதனுக்கு ரத்தம் சுமார் 5 லிட்டர்தான். ரத்த தானத்தில் 350 அல்லது 450 மில்லி எடுத்துவிட்டு, ஜூஸ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றரை லிட்டர் போனால் நாடி ஓடும், வியர்த்துக் குளிரும், ஆள் பதறுவான். இரண்டு லிட்டருக்கு மேல் போனால் குழம்பிப் பிதற்றுவான், பிறகு அமைதியாகிவிடுவான். அந்த அமைதிதான் பயங்கரம். கத்துகிறவனை நர்ஸ்கள் அப்புறம் பார்ப்பார்கள், சத்தமில்லாதவனிடம்தான் முதலில் ஓடுவார்கள்.

நாயகன் கத்தியால் உள்ளங்கையைக் கீறி, நாயகியின் நெற்றியில் ரத்தத் திலகம் இடுகிறான்...
- புதுமுக எழுத்தாளர், விழுப்புரம்

உள்ளங்கையில் விரல்களை மடக்கும் தசைநாண்கள் தோலுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓடுகின்றன. ஆழமாகக் கீறினால் தாலி கட்டும்போது மூன்று முடிச்சுப் போட விரல் மடங்காது. குங்குமம் மலிவு.

சுடப்பட்ட நண்பனுக்கு, தீயில் காய்ச்சிய கத்தியால் நாயகனே குண்டை நோண்டி எடுக்கிறான். குண்டு கிண்ணத்தில் 'ணங்' என்று விழுகிறது. சரிதானே?
- திரைக்கதை பயில்பவர், வடபழனி

அந்த 'ணங்'குக்காகவே குண்டு எடுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். உடம்புக்குள் சும்மா கிடக்கும் குண்டு பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, அதைத் தேடிப் போகும் விரல் கொன்றுவிடும். 1881 ஜூலை 2இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். நாட்டின் பெரிய டாக்டர்கள் கைகூடக் கழுவாமல் மாற்றி மாற்றிக் காயத்துக்குள் விரலை விட்டுத் துழாவினார்கள். டெலிபோன் தந்த கிரகாம் பெல், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியோடு வந்து தேடினார். தேடியது வலப்பக்கம், குண்டு கிடந்தது இடப்பக்கம். சீழ் பிடித்து, செப்டிக்காகி, செப்டம்பர் 19இல் இறந்தார்.

இதற்கு நேர்மாறாக, 1912 அக்டோபரில் மில்வாக்கி நகரில் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மார்பில் குண்டு பாய்ந்தது. சட்டைப்பையில் மடித்து வைத்த ஐம்பது பக்கப் பேச்சும் மூக்குக் கண்ணாடிக் கூடும் அதன் வேகத்தைக் குறைத்தன. கையில் இருமிப் பார்த்தார், ரத்தம் வரவில்லை. நுரையீரல் தப்பியது என்று முடிவுகட்டி, மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். டாக்டர்கள் குண்டை அப்படியே விட்டுவிட்டார்கள், 1919இல் இறக்கும்வரை உள்ளேயே இருந்தது. நீளமாகப் பேசும் அரசியல்வாதிகளுக்கு ஆதரவாக நான் அறிந்த ஒரே சான்று அந்த ஐம்பது பக்கம்தான்.

சரித்திர நாவல் எழுதுகிறேன். போர்க்களத்தில் விழுந்த தளபதியை மூலிகைச் சாறு பிழிந்து ஒரே இரவில் எழுப்பலாமா?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

எழுப்பலாம், பேயாக.

ஐயா, தமிழாசிரியரான நீங்களே இப்படிக் கேட்கலாமா? பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், மார்பில் வாள் வெட்டைத் தைத்த வடு உள்ள வீரர்களைக் காட்டுகிறார். நீண்ட வெள்ளூசி சதைக்குள் போய் வெளியே வருவது, மீனுக்காகக் குளத்தில் பாய்ந்து மேலெழும் மீன்கொத்தியைப் போலிருக்கிறதாம். பக்கத்தில் நின்று தையல் போடுவதைப் பார்த்தவனுக்கு மட்டுமே தோன்றுகிற உவமை அது. ஊசியின் பளபளப்பு, பாய்ச்சல், நனைந்து வெளிவருவது எல்லாம் அதில் இருக்கிறது. அத்தனைக்கும் அவர் டாக்டர் இல்லை.

அடுத்து, புறநானூறு 281ஐப் பாருங்கள். அரிசில்கிழார் பாட்டு. புண்பட்டவன் வீட்டில் படுத்திருக்கிறான். மனையில் இரவ இலையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். யாழ் வாசிக்கிறார்கள், குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள். வெண்கடுகு தூவி, நறும்புகை காட்டுகிறார்கள். பேய் அவனைத் தொட்டுவிடாமல் காக்க, தோழியைத் துணைக்கு அழைக்கிறாள் ஒருத்தி. மூலிகையைக் குடித்து ஒரே இரவில் எவனும் குதித்தெழவில்லை. போர் முடிந்தும் காயம் முடியவில்லை, வீட்டுப் பெண்கள் கண்விழிக்கிறார்கள். ஒரு முழு அத்தியாயத்துக்கான சரக்கு அங்கே சும்மா கிடக்கிறது.

கல்கியும் கணக்குத் தெரிந்தவர்தான். பொன்னியின் செல்வனில் பெரிய பழுவேட்டரையர் உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் என்று பெருமை பேசினாலும், அவரைக் கிழவராகவே நடமாட விட்டார். திருப்புறம்பியப் போர்க்களத்தில் விஜயாலய சோழன் இறங்கும்போது அவனுக்குக் காலில் நடை கிடையாது, வீரர் தோளில் ஏறித்தான் வாள் சுழற்றுகிறான். காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதியிருந்தால் அந்தக் காட்சி யாருக்கு நினைவிருக்கும்?

நாயகியைப் பாம்பு கடிக்கிறது. நாயகன் அவள் காலில் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புகிறான். காதல் மலர்கிறது.
- கவிஞர், தென்காசி

காதல் மலரும், விஷம் வராது. வாயில் புண் இருந்தால் அவனுக்கும் ஆபத்து, கடிவாயிலும் அழுக்குச் சேரும்.

எந்தப் பாம்பு என்று முதலில் முடிவுசெய்யுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும். வலியே தெரியாமல் போகலாம், பல் தடம்கூடத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். விடிகாலையில் வயிற்றுவலி என்பார்கள், பிறகு இமை தானாகத் தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். கண்ணாடிவிரியன் என்றால் கால் வீங்கும், ரத்தம் உறையாது. அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு சாய்ப்பார்கள். உறைந்திருந்தால் அப்போதைக்குத் தப்பித்தாள், தண்ணீராய் ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். அந்த 20 நிமிடமும் நாயகன் பெஞ்சில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இதைவிட்டுவிட்டு எதற்கு ஐயா காலை உறிஞ்சுகிறீர்கள்?

என் நாயகன் "பல்லைப் பேத்துடுவேன்" என்று சொல்லி, பேர்த்தும் விடுகிறான். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?
- வட்டார நாவலாசிரியர், உசிலம்பட்டி

ஏழு வருஷம் இருக்கிறது. ஒரே ஒரு பல் உடைந்தாலும் சட்டத்தில் அது கொடுங்காயம். வேண்டுமென்றே செய்தால் ஏழு ஆண்டு வரை உள்ளே தள்ளலாம். வேறு காயம் என்றால் எத்தனை நாள் கடும் வலியோடு வேலைவெட்டி பார்க்கமுடியாமல் கிடந்தான் என்று பார்ப்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 20 நாள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 நாள். உங்கள் கதை எந்த வருஷம் நடக்கிறது என்று பார்த்துக்கொண்டு ஆளைப் படுக்க வையுங்கள். பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் "எப்ப, எங்க, யார் அடிச்சது, எதால?" என்று கேட்டு ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி போடுவார்கள். அங்கே அவன் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று பொய் சொன்னால், யாருக்குப் பயந்து சொன்னான் என்பதில் உங்கள் அடுத்த நூறு பக்கம் இருக்கிறது.

அடிபட்ட நாயகன், பக்கத்தில் நாயகி. காதல் காட்சியை யதார்த்தமாக எழுத ஒரு யோசனை சொல்லுங்கள்.
- கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

நெற்றிக் கட்டில் பொட்டாக ஒரு ரத்தக் கறை என்கிற பழைய அலங்காரத்தை விடுங்கள். விலா எலும்பை முறியுங்கள். மாவுக்கட்டு கிடையாது, வெளியே தெரியவும் தெரியாது, ஆற ஆறு வாரம். புரண்டு படுக்க முடியாது, இருமினால் கண்ணில் நீர் வரும், தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரையில் மலச்சிக்கல் வரும், அதைக் காதலியிடம் சொல்லவும் முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, சிரிக்கக் கூடாது. உங்கள் நாயகியை நன்றாக ஜோக் சொல்கிறவளாக எழுதுங்கள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு, "போயிடு, தயவுசெஞ்சு போயிடு" என்று கெஞ்சட்டும். அவள் போகவும் கூடாது.