சும்மா கிடக்கிற தங்கம்

அத்தானைச் சுறா பிடித்தது என்று யாரும் சொல்வதில்லை. அத்தான் தானே போய் அதன் வாயில் உட்கார்ந்தார் என்றுதான் சொல்வோம்.

ஆட்டத்தின் பெயர் 'டெப்த்'. நியூசிலாந்துக்காரர்கள் 2014-ல் வெளியிட்டது. நாலு பேர் முக்குளிப்பவர்கள், ரெண்டு பேர் சுறாக்கள். ஆறு பேரும் எங்கெங்கோ கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர்கள். ஸ்டீவ் என்றொரு இயந்திரம் கடலடியில் புதையல் எடுத்துக்கொண்டே போகும். நாலு பேரும் அதை விட்டு விலகாமல் காவல் காக்க வேண்டும். வழியில் கிடக்கும் தங்கத்தைப் பொறுக்கினால், அந்தக் காசில் ஆயுதம் வாங்கலாம்.

அத்தானுக்கு இதில் பாதிதான் காதில் விழுந்தது. பொறுக்கலாம் என்ற பாதி.

“சும்மா கெடக்குடே. எடுத்துட்டு வாறேன்.”

அத்தான் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் மொத்த வியாபாரம் செய்கிறவர். சாக்கு கிழிந்து மிளகு சிந்தினால் ஆளை விடாமல், தானே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். அப்பேர்ப்பட்டவரிடம், மூழ்கிய கப்பலின் மூலையில் தங்கம் மின்னுகிறது, கண்டுகொள்ளாதே என்றால்? ஸ்டீவ் ஒரு பக்கம் போகும், அத்தான் இன்னொரு பக்கம் போவார். இருட்டுப் பொந்தாகப் பார்த்து நுழைவார்.

சரி, பொறுக்கினதைச் செலவாவது செய்வாரா? “என்னது, ஈட்டித் துப்பாக்கிக்கு இவ்வளவா? நிக்கட்டும், விலை இறங்கும்.” அத்தான், இது கம்ப்யூட்டர் போட்ட விலை, இறங்காது என்றேன். “இறங்காத விலை உண்டாடே?” கண்ணிவெடி வாங்கச் சொன்னால், ஒரு தடவை வெடித்தால் தீர்ந்துபோகிற சாமானுக்குக் காசு கொடுக்கிறவன் முட்டாள் என்பார். எங்கள் கூட்டத்திலேயே பெரிய பணக்காரராக, கையில் தொடக்கத்தில் கொடுத்த ஆயுதத்தோடு சாவார்.

கூப்பிடுகிற விதம் வேறு. “இங்க வா, இங்க வா!” எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டார்.

நிஜக் கடலில், சங்குமுகம் கடற்கரையில், கணுக்காலுக்கு மேல் நனையாத மனிதர். நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளி ஆரியசாலைக் கோயிலில் தங்கும் நாள்களில் அத்தான் விளையாட மாட்டார். நாங்கள் ஜெயிப்பது அப்போதுதான்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஆனால் கூட ஆடுகிற மற்ற ரெண்டு பேரும் முகம் தெரியாதவர்கள். ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்து ஆட வந்தவர்கள். அவர்கள் திட்டுவது அத்தான் காதில் விழாது. முகம் தெரியாதவர் குரல் வந்தால் கவனம் சிதறுகிறதென்று ஆட்டத்தின் பேச்சொலியை அணைத்து வைத்திருப்பார். முழுசும் எனக்குத்தான். அவர் செய்த கூத்துக்கு நான் எதற்கு ஏச்சு வாங்க வேண்டும்?

போன வாரம் ஆட்டம் என்னைச் சுறாப் பக்கம் தள்ளிவிட்டது. வழக்கம்போல அத்தானும் நானும் போனில் பேசிக்கொண்டே ஆடுகிறோம். கீழே பார்த்தால் தனியாக ஒருத்தர், பின்னால் திரும்பியே பார்க்காமல் தங்கம் அள்ளிக்கொண்டிருக்கிறார். யாரென்று சந்தேகமே இல்லை. கடிக்க மனசு வரவில்லை. அக்கா வீட்டுக்காரர் அல்லவா. ரெண்டு சுற்று சுற்றினேன். அதற்குள் இன்னொரு சுறா வந்து அவரைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

போனில் அலறுகிறார்: “எங்கடே போய்த் தொலைஞ்சே? பக்கத்துல நிக்கக் கூடாதா?”

பக்கத்தில்தான் நின்றேன், அத்தான்.