2.87 என்றால் எத்தனைக்கு?

எடிசன், நியூ ஜெர்சி
செப்டம்பர் 14

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

 

உங்கள் வாட்ஸப் செய்தியை எனக்கு முன்னால் அம்மா பார்த்துவிட்டாள். "2.87-ஐ 4-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 71.75. முதல் வகுப்பு. இதற்குப் போய் எதற்கு இவன் விளக்கம் எழுதிக்கொண்டு திரிகிறான்?" என்று கேட்டிருந்தீர்கள். அதை அப்படியே நாலு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பாளையங்கோட்டையில் முப்பத்தைந்து வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னபிறகு அப்பீல் உண்டா? இங்கே ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனால்கூட, "பர்ஸ்ட் கிளாஸாமே தம்பி" என்று கை குலுக்குகிறார்கள்.

ஆனால் பெரியப்பா, இந்த ஊர்க் கணக்கு வேறு. ஏ வாங்கினால் 4, பி 3, சி 2, டி 1, எப் பூஜ்யம். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஒரு எடை உண்டு. அதால் பெருக்கிச் சராசரி எடுத்தால் ஜி.பி.ஏ. பெரும்பாலான வகுப்புகளில் நூற்றுக்கு எண்பது எடுத்தால்தான் பி. ஆக, என் 2.87 நீங்கள் போட்ட எழுபத்திரண்டுகூட இல்லை, எண்பதை எட்டிப் பார்க்கிற மார்க். நம்மூரில் இதற்கு மிட்டாய் கொடுப்பார்கள். இங்கே நான் சேர நினைக்கிற பிசிக்கல் தெரபி கல்லூரிகள் பலவற்றில் 3.0 இல்லையென்றால் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இதில் எனக்கு நடந்த அநியாயத்தை உங்களிடம்தான் சொல்ல முடியும், கணக்கு தெரிந்தவர் என்பதால். முதல் வருஷம் கெமிஸ்ட்ரி இரண்டிலும் பிசிக்ஸ் ஒன்றிலும் டி வாங்கினேன். மூன்றையும் திரும்பப் படித்து மூன்றிலும் ஏ வாங்கினேன். நம்மூரில் அரியர் எழுதிப் பாஸாகிவிட்டால் பழைய பெயில் சராசரியில் வராதல்லவா? என் கல்லூரியும் அப்படித்தான் பெருந்தன்மையாகப் பழசை விட்டுவிட்டு 120 கிரெடிட்டுக்கு 3.06 என்று போட்டுக் கொடுத்தது. ஆனால் பிசிக்கல் தெரபிக்குப் பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பி.டி.காஸ் என்று பெயர். அவர்கள் எல்லா மார்க் பட்டியலையும் வாங்கித் தாங்களாகவே புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். அங்கே மன்னிப்பு கிடையாது. பழைய டி-யும் உள்ளே, புது ஏ-யும் உள்ளே. மூன்று டி, ஒவ்வொன்றும் 4 கிரெடிட். பேப்பரும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள், 2.87 வரும். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவனிடம், முறிந்துபோன முதல் நிச்சயதார்த்தத்தைத் தாம்பூலத் தட்டோடு கொண்டுவந்து காட்டுகிற மாதிரி.

சில கல்லூரிகள் நல்லவை. "படிப்பில் சரிவு ஏதும் இருந்தால் இங்கே விளக்கலாம்" என்று விண்ணப்பத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். விளக்கம் சொல்வது நமக்குப் பரம்பரைத் தொழில் ஆயிற்றே என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது ஆச்சியைப் பற்றி. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது, நான் தூக்கிப் பிடித்து நடக்கவைத்தது, அந்தக் கவலையில் படிப்பு ஓடாதது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. எங்கள் கல்லூரி ஆலோசகர் அம்மாள் வாசித்துவிட்டு, "பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்?" என்றாள். நன்றாக இருக்கிறார், முறுக்கு சுட்டு அனுப்புகிறார் என்றேன். "சந்தோஷம். இந்த வாரம் நான் படிக்கிற மூன்றாவது பாட்டி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பாட்டி இடுப்பும் கால்பந்து ஆடிய முழங்காலும் இல்லாத விண்ணப்பமே வருவதில்லையாம்.

இரண்டாவதில் பனியைப் பிடித்தேன். பனி, மூன்று பஸ் மாறிப் போனது, அப்பாவின் கடையில் இரவு பதினொன்று வரை நின்றது. மூன்றாவது அம்மாவின் உபயம்: ஏழரைச் சனி. அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆலோசகர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதில் நீ செய்த தப்பு எது?"

பெரியப்பா, நம் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. நான் பத்தாம் வகுப்பு அரைப்பரீட்சையில் கணக்கில் 41 வாங்கியபோது நீங்களே, "கண்ணு பட்டிருக்கும், பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றுதானே அப்பாவை அடக்கினீர்கள்? காரணம் சொல்ல முடியாமல் ஒருவன் முழித்தால் பக்கத்து வீட்டுக்காரராவது ஒன்று எடுத்துக் கொடுப்பார். இங்கே அதற்கு ஆளில்லை.

உங்களிடம் மறைப்பானேன்? கடையில் நின்றது வாரத்தில் நாலு நாள். மீதி நாள் என்ன செய்தேன்? அங்கே இரவு 7.30-க்கு ஐ.பி.எல். ஆரம்பித்தால் இங்கே காலை 10 மணி. என் கெமிஸ்ட்ரி வகுப்பும் காலை 10 மணி. சென்னை ஆடுகிற நாளில் நான் எங்கே இருந்திருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் கிரிக்கெட்டும் இல்லை. பிளஸ் டூ மாதிரி முந்தின ராத்திரி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன், கேள்வித்தாளில் நான் பார்த்த கணக்கு ஒன்றுகூட இல்லை.

கடைசியில் அந்தப் பெட்டியில் போனது இவ்வளவுதான்: முதல் வருடம் மூன்று பாடங்களில் டி வாங்கினேன். நேரத்தைச் சரியாகப் பங்கிடவில்லை, உதவி கேட்கவும் கூச்சப்பட்டேன். அதே பாடங்களைத் திரும்பப் படித்து ஏ வாங்கினேன். கடைசி 60 கிரெடிட்டில் என் சராசரி 3.6. முடிந்தது. இந்த நாலு வரிக்கு மூன்று வாரம் ஆயிற்று. கிரிக்கெட் "நேரம்" என்ற சொல்லுக்குள் அடக்கம் என்று ஆலோசகரே சொல்லிவிட்டாள்.

மற்றதெல்லாம் சுகமாக ஓடுகிறது. ஒரு கிளினிக்கில் மணிக்கணக்கில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும், அதற்கு அங்குள்ள தெரபிஸ்ட் கையெழுத்துப் போடுவார். உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானிக்கு இரண்டு கை முளைத்தாற்போல ஒரு கருவி வைத்து, ஆபரேஷன் ஆன முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கிறார்கள். சார்ட்டோரியஸ் என்று ஒரு தசை, தொடையின் குறுக்கே ஓடுவது, உடம்பிலேயே நீளமானது. லத்தீனில் தையல்காரன் என்று அர்த்தமாம், அந்தக் காலத்துத் தையல்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்ததால். சம்மணத்தைச் செய்துகாட்ட ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்தேன். கைதட்டினார்கள் பெரியப்பா! பந்தியில் உட்காருகிற ஒவ்வொருவனுக்கும் தட்டுவதென்றால் நம்மூரில் கை என்ன ஆகும்?

சிபாரிசுக் கடிதமும் உண்டு. எழுதுபவர் நேரே அனுப்பிவிடுவார். அதைப் பார்க்கும் உரிமை எனக்கு வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து மணியை உடைத்தவனுக்கும் டி.சி.யில் "நன்று" என்று போட்ட உங்களை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஒரு உதவி வேண்டும். இந்தப் படிப்பு மூன்று வருஷம். 2016 முதல் இங்கே இதற்கு டாக்டர் பட்டம்தான். அது தெரிந்ததும் அம்மா பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் பிரசாத வரிசையிலேயே "பையன் டாக்டருக்குப் போறான்" என்று சொல்லிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இன்னும் இடமும் கிடைக்கவில்லை என்று நம்மூரில் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். ஆச்சி, "எத்தனை?" என்று கேட்டால் மட்டும் 3.06 என்றே சொல்லுங்கள். பொய்யில்லை, அது கல்லூரி போட்ட கணக்கு.

இப்படிக்கு,
பிரியமுள்ள தம்பி மகன்