அத்தானும் ஹான் காலத்துப் பன்றியும்

சிங்கப்பூரில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த என் அத்தான், வேலையில் இருந்தவரை மாணவர்களைக் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: “ஆதாரம் எங்கே?” ஓய்வுபெற்ற கையோடு அந்தக் கேள்விக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, பழைய சீன மண்பாண்டம் சேர்க்க ஆரம்பித்தார்.

2014இல் கோழிப்படம் போட்ட மிங் காலத்துக் கிண்ணம் ஒன்றை ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் கொடுத்து எடுத்த ஷாங்காய் கோடீஸ்வரர் லியூ யிச்சியன், அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார். அத்தானின் மத்திய சேமநிதி அந்தக் கோழியின் கால்நகத்துக்குக்கூடக் காணாது. அதனால் ஹான் காலத்துக் கல்லறைச் சாமான்களில் இறங்கிவிட்டார். செத்தவருக்கு மறுமையில் எந்தக் குறையும் வரக்கூடாதென்று அடுப்பு, கிணறு, குதிர், நாய் எல்லாவற்றையும் மண்ணில் குட்டியாகச் செய்து கூடவே புதைத்த காலம் அது.

அத்தான் முதலில் வாங்கி வந்தது பன்றிக் கொட்டில். பச்சை மெருகு, மண்ணுக்குள் கிடந்த அடையாளமாக அங்கங்கே வெள்ளிப் பூச்சாக ஒரு மினுக்கம். உள்ளே பன்றி ஒன்று நிம்மதியாகப் படுத்திருக்கிறது. மூலையில் சரிவாக ஒரு பாதை, அதன் உச்சியில் கூரை போட்ட சிற்றறை.

“மாடியா?” என்றாள் அக்கா, ஆசையாக.

கக்கூஸ். மேலே மனிதர் கழிப்பது கீழே பன்றிக்கு. பன்றியின் எரு வயலுக்கு. அத்தான் இதைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்த இடம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வேறு இடம் ஏது?

“பொணத்தோட பொதைச்ச கக்கூஸ நடுவீட்ல வைக்கிறீங்களே! செத்தவனுக்கே தனி அடுப்பு, தனிக் கிணறு. நான் உயிரோடதான இருக்கேன், சமையக்கட்டு டைல்ஸ மாத்தித் தர மனசு வரல.”

“நிஜமாவே பழசா அத்தான்?” என்றேன்.

“கடைக்காரர் சொன்னார். மூஞ்சியப் பாத்தாலே தெரியும், பொய் சொல்ற ஆளில்ல.”

வயதைக் கண்டுபிடிக்கச் சோதனை உண்டு. சூளையில் வெந்த நாளிலிருந்து மண்ணில் கதிர்வீச்சின் ஆற்றல் சேர்ந்துகொண்டே வரும். மறுபடி சூடேற்றினால் அது ஒளியாக வெளிப்படும். அதை அளந்து காலத்தைக் கணிப்பார்கள். சின்னத் துளை போட்டு ஒரு சிட்டிகை மண் எடுத்தால் போதும். அத்தான் பன்றியை அணைத்துக்கொண்டார். பழைய ஓட்டுத் துண்டுகளை ஒட்டவைத்து அந்தச் சோதனையையே ஏமாற்றுகிற கில்லாடிகள் இருக்கிறார்களாம். எனவே சோதனை வீணாம். இதே வாதத்தை ஒரு மாணவன் எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பார்.

அடுத்த மாதம் ஓர் அடுப்பு வாங்கப்போவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எந்தக் காலத்து அடுப்பு என்று அவள் இன்னும் கேட்கவில்லை.